ஊர்ப் பத்திரிகை நடத்தப் போகிறவருக்குச் சில குறிப்புகள்

பெருநகர நாளிதழ் ஒன்றின் ஆசிரியர், தாம் கடுமையாக எழுதிய ஓர் அமைச்சரை நேரில் ஒருமுறைகூடச் சந்திக்காமலே பணி ஓய்வு பெற்றுவிடலாம். சிறு நகரத்தில் பத்திரிகை நடத்துபவருக்கு அந்த வசதி கிடையாது. வியாழக்கிழமை யாரைப் பற்றி எழுதினாரோ அவருக்குப் பின்னால் வெள்ளிக்கிழமை காலையில் வங்கி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அவருடைய மகளும் நம் மகளும் ஒரே வகுப்பில் படிப்பார்கள். அவருடைய தம்பி நமக்கு மாதந்தோறும் விளம்பரம் கொடுப்பவராக இருப்பார். ஆகையால் இந்தத் தொழிலின் எல்லா வேலைகளையும், கணக்கு எழுதுவது முதல் அச்சுக்கு முன் மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்துவது வரை, அந்த வெள்ளிக்கிழமைக் காலையை மனத்தில் வைத்தே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

நான் எட்டுப் பக்க வார இதழ் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். வெளியீட்டாளர், ஆசிரியர், விளம்பரம் சேகரிப்பவர், மெய்ப்புத் திருத்துபவர், ஆள் வராத வாரங்களில் கட்டுச் சுமப்பவர் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஆள்தான். சில ஆயிரம் பிரதிகள் விற்கும் வார இதழை நடத்த நினைப்பவருக்காகவே இதை எழுதுகிறேன். நாளிதழின் கணக்கும் வேகமும் வேறு.

முதலில் கணக்கு

அச்சில் வந்த முதல் செய்தித்தாள் என்று பலரும் ஏற்றுக்கொண்டிருக்கும் இதழை 1605-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் தொடங்கியவர் யோஹான் கரோலுஸ். அதற்கு முன்பு அவர் செய்திகளைக் கையால் படியெடுத்து, பணம் படைத்த சிலருக்கு வாரந்தோறும் விற்றுக்கொண்டிருந்தார். தம் இதழைப் பிறர் மறு அச்சிடாமல் தடுக்க வேண்டும் என்று நகர மன்றத்துக்கு அவர் கொடுத்த மனுவில் கருத்துச் சுதந்திரத்தைப் பற்றிய பேச்சே இல்லை. கையால் எழுதுவதில் நேரம் வீணாகிறது, அதனால் அச்சடிக்கத் தொடங்கினேன், போட்ட செலவுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதுதான் அவருடைய கோரிக்கை. நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பத்திரிகைத் தொழில் அந்த மனுவில் உள்ள இடத்திலிருந்தே தொடங்குகிறது. எழுத்தில் ஆர்வத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலோர் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பார்கள். அவர்களுடைய இதழ்கள் நல்ல தலையங்கங்களோடு நின்றுபோகும்.

இரண்டு வகைச் செலவுகளை முதலில் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஐந்நூறு பிரதி அச்சிட்டாலும் ஐயாயிரம் அச்சிட்டாலும் மாறாதவை ஒரு வகை: செய்தி சேகரிப்பது, பக்கம் கட்டுவது, பிளேட் (பக்கத்தைத் தாளில் பதிக்கும் அச்சுத் தகடு) எடுப்பது, இயந்திரத்தில் பிளேட் ஏற்றுவது, அலுவலக வாடகை, உங்கள் சம்பளம். பிரதிக்குப் பிரதி கூடுபவை இன்னொரு வகை: தாள், மை, கட்டுக் கூலி, முகவர் கழிவு (பிரதி விற்றுத் தரும் முகவர் எடுத்துக்கொள்ளும் பங்கு). முதல் பிரதி வெளிவருவதற்குள்ளாகவே செலவின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது என்பதால், சிறிய பத்திரிகையின் பிரதி பெரிய பத்திரிகையின் பிரதியைவிட எப்போதும் விலை கூடியதாகவே இருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் பெரிய நாளிதழின் விலையைப் பார்த்து நம் விலையை வைப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. உங்கள் சம்பளத்தைச் செலவில் எழுதாமல் போடுகிற கணக்கு இரண்டாவது தவறு. இரண்டையும் நான் செய்திருக்கிறேன்.

தாள் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். டேப்ளாய்டு பக்கம் 28 செ.மீ. அகலமும் 43 செ.மீ. உயரமும் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பக்கத்துக்கு நான்கு இலைகள். மொத்தப் பரப்பு ஏறக்குறைய 0.48 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 45 கிராம் எடையுள்ள நியூஸ்பிரிண்டில் அச்சிட்டால் ஒரு பிரதியின் எடை 22 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். மூவாயிரம் பிரதிக்கு 65 கிலோ. அச்சகம் கொடுக்கும் பில்லில் 90 கிலோ என்று இருந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு இப்போது தெரியும். அதே சமயம், வீணாகும் தாள் என்பது உண்மையான செலவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மை சீராகி, நான்கு நிறங்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி வரும்வரை வெளியே வருகிற தாள் எல்லாம் குப்பைக்குத்தான் போகும். அப்படி முந்நூறு பிரதி கழிந்தால், முப்பதாயிரம் அச்சிடுபவருக்கு அது நூற்றில் ஒரு பங்கு. மூவாயிரம் அச்சிடும் நமக்குப் பத்தில் ஒரு பங்கு.

விளம்பரக் கட்டணத்தையும் இதே போல அடியிலிருந்து கணக்கிட வேண்டும். பக்கத்துக்கு ஐந்து பத்தி, பத்திக்கு 38 செ.மீ. என்றால் ஒரு பக்கம் 190 பத்தி சென்டிமீட்டர் (ஒரு பத்தியின் அகலத்தில் ஒரு செ.மீ. உயரமுள்ள இடம்). எட்டுப் பக்கமும் சேர்ந்து 1,520. அதில் நாற்பது விழுக்காட்டை விளம்பரத்துக்கு ஒதுக்கினால் 608 பத்தி சென்டிமீட்டர் கிடைக்கும். ஓர் இதழின் மொத்தச் செலவு நூறு பங்கு என்றும், சந்தாவிலும் விற்பனையிலும் முகவர் கழிவு போக முப்பத்தைந்து பங்கு வருகிறது என்றும் கொண்டால், மீதி அறுபத்தைந்து பங்கையும் விளம்பரம்தான் ஈட்ட வேண்டும். அறுபத்தைந்தை 608-ஆல் வகுத்துக் கட்டணம் வைத்தால் நட்டப்படுவீர்கள், ஏனென்றால் எல்லா இடமும் விற்காது, விற்றதற்கெல்லாம் பணம் வராது. கால்வாசி கைக்கு வராது என்று எடுத்துக்கொண்டு 456-ஆல் வகுங்கள். வருகிற தொகையைவிடக் குறைவாக, எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும், யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்த சலுகை சிறு நகரத்தில் ஒரு வாரத்துக்குள் அனைவருக்கும் தெரிந்துவிடும்.

நிலுவையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தே சொல்ல வேண்டும். ஊர்ப் பத்திரிகைகள் வாசகர் இல்லாமல் மூடப்படுவதைவிட, வர வேண்டிய பணம் வராமல் மூடப்படுவதே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தவரிடம் பணம் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்கிற நாளும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். நான் கண்டுகொண்ட வழி எளியது. இதழ் வெளியான மறுநாளே, விளம்பரம் வந்த பக்கத்தைக் கிழித்து பில்லோடு சேர்த்து அனுப்பிவிடுவேன். முப்பதாம் நாள் நினைவூட்டல் தாள் ஒன்று தானாகவே போகும். அறுபது நாளுக்கு மேல் பாக்கி உள்ளவரின் அடுத்த விளம்பரத்தை ஏற்க மாட்டோம் என்று கட்டண அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறேன். அட்டையில் இருப்பதால், கேட்பது நானாக இல்லாமல் விதியாக இருக்கிறது.

இன்னொரு விதியைப் பட்டுத்தான் கற்றேன். எந்த ஒரு விளம்பரதாரரும் மொத்த விளம்பர வருவாயில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. தொடக்க ஆண்டுகளில் ஒரே நிறுவனம் எனக்குக் கடைசிப் பக்கம் முழுவதையும் வாரந்தோறும் எடுத்துக்கொண்டிருந்தது. வருவாயில் மூன்றில் ஒரு பங்கு அதுதான். அந்த நிறுவனத்தின் கிடங்கில் தீப்பிடித்தபோது, அதை வெளியிட வேண்டாம் என்று உரிமையாளர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். தீயணைப்பு வண்டி போனதை ஊரே பார்த்திருந்தது. செய்தியை நான்கு பத்திகளில், யார்மீதும் குற்றம் சொல்லாமல் வெளியிட்டேன். விளம்பரம் நின்றது. திரும்ப வரவே இல்லை. அந்தப் பக்கத்தைச் சிறு சிறு விளம்பரங்களால் நிரப்ப எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இடையில் அச்சகத்துக்கு நானே பாக்கிக்காரன் ஆனேன். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை, என் வருவாயை ஒரே ஆணியில் தொங்கவிட்டிருந்தது நான்தான்.

வாரத்தைப் பின்னாலிருந்து எண்ணுவது

இயந்திரம் ஓடும் நேரத்தை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். வியாழன் இரவு ஒன்பது மணிக்கு அச்சு என்றால், ஏழு மணிக்குப் பிளேட், ஆறு மணிக்கு எல்லாப் பக்கங்களும் அச்சகத்தில் இருக்க வேண்டும். உள்பக்கங்களை புதன்கிழமையே முடித்து அனுப்பிவிட வேண்டும். வியாழக்கிழமைக்கு மிச்சம் இருக்க வேண்டியது முதல் பக்கமும் மூன்றாம் பக்கமும் மட்டுமே. அச்சகத்தார் உங்களுக்குக் கொடுத்திருக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் வேறு வேலைகள் காத்திருக்கும். அரை மணி பிந்தினால் உங்கள் இதழ் இரண்டு மணி நேரம் பிந்தும், அதனால் காலைப் பேருந்தில் கட்டு ஏறாது.

பக்கங்கள் தாளில் எப்படிச் சேர்ந்து அமர்கின்றன என்பது வெளியீட்டாளருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். எட்டுப் பக்க டேப்ளாய்டில் ஒன்றும் எட்டும் ஒரு பிளேட்டில் வரும். இரண்டும் ஏழும், மூன்றும் ஆறும், நான்கும் ஐந்தும் அதே போல இணைகள். வண்ணம் வேண்டுமானால் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு பிளேட் தேவை. முதல் பக்கத்துக்கு வண்ணம் கொடுத்தால் எட்டாம் பக்கத்துக்கும் கூடுதல் பிளேட் இல்லாமலே வண்ணம் கிடைத்துவிடும் என்பதால், கடைசிப் பக்கத்தை வண்ண விளம்பரத்துக்கென்றே விற்பது நல்லது. ஏழாம் பக்கத்தில் ஒருவர் வண்ணம் கேட்டால், இரண்டாம் பக்கத்துக்கும் வண்ண விளம்பரம் ஒன்று கிடைத்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். நடுப்பக்கங்களான நான்கும் ஐந்தும் ஒரே தாளில் தொடர்ச்சியாக வருவதால், நீளமான படம் ஒன்றை இரண்டிலும் பரப்பலாம். வேறு எந்தப் பக்கங்களிலும் அதை முயலக் கூடாது. பக்கம் கூட்டுவதும் நான்கு நான்காகத்தான் முடியும். செய்தி அதிகம் வந்துவிட்டது, ஒரு பக்கம் மட்டும் சேர்ப்போம் என்பது நடக்காத காரியம்.

மெய்ப்பைக் கணினித் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்துப் பாருங்கள். பக்கத்தைக் கட்டியவர் அல்லாத ஒருவர் பார்க்கட்டும். செய்தியின் உள்ளே சிறிய எழுத்தில் ஒற்றுப்பிழை தேடிக்கொண்டிருக்கும்போது தலைப்பில் இருக்கும் பெரிய பிழை கண்ணுக்குத் தப்பிவிடும், ஆகவே தலைப்புகளையும் படக்குறிப்புகளையும் கடைசியில் தனியாக ஒருமுறை உரக்கப் படிக்க வேண்டும். தேதி, இதழ் எண், கிழமை மூன்றையும் ஒவ்வொரு வாரமும் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். போன வாரப் பக்கத்தின் மேல் எழுதுகிறபோது பழைய தேதி அப்படியே தங்கிவிடும். விளம்பரத்தில் உள்ள தொலைபேசி எண்ணைப் படித்துச் சரிபார்ப்பதைவிட, அந்த எண்ணை ஒருமுறை அழைத்துப் பார்ப்பது மேல். யார் எடுக்கிறார்கள் என்பதிலேயே விடை இருக்கிறது.

பெயர்கள்

ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழாச் செய்தியில் நாற்பதுக்கு மேற்பட்ட மாணவர்களின் பெயர்களை வெளியிட்டோம். ஒரு சிறுமியின் பெயருக்கு முன்னால் இருக்க வேண்டிய தலைப்பெழுத்து மாறி, வேறோர் எழுத்து விழுந்துவிட்டது. அவளுடைய தந்தை அன்று காலையில் உறவினர்களுக்குக் கொடுப்பதற்காக இருபது பிரதிகளை மொத்தமாக வாங்கிச் சென்றிருந்தார். மாலையில் இருபதையும் திருப்பிக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் அந்தப் பக்கம் மேலே தெரியும்படி மடித்து, என் மேசைமேல் அடுக்கி வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த இதழில் திருத்தம் போட்டோம். ஆனால் திருத்தத்தை வெட்டி யாரும் வீட்டில் ஒட்டிவைப்பதில்லை.

அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. செய்தியில் வரும் ஒவ்வொரு பெயரின் மேலும், அதை உரியவரிடமோ ஆவணத்திலோ சரிபார்த்தவர் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாத பெயர் பக்கத்துக்குப் போகாது. பெயர் சொல்பவர் வாயால் சொல்வதைக் கேட்டு எழுதக் கூடாது, அவரையே எழுதச் சொல்ல வேண்டும். ‘ர’வும் ‘ற’வும், ‘ன’வும் ‘ண’வும் காதுக்கு ஒன்றுதான். தன் பெயரைத் தானே பிழையாக எழுதுபவர் உண்டா என்று கேட்காதீர்கள், அவர் எப்படி எழுதுகிறாரோ அதுவே சரி.

மரண அறிவிப்பில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பலருடைய பெயர் அச்சில் வருவது வாழ்நாளில் அந்த ஒரே தடவைதான். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியா நகரத்தில் ‘எம்போரியா கெஜட்’ பத்திரிகையை 1895-இல் கடன் வாங்கிய பணத்தில் விலைக்கு வாங்கி, கடைசிவரை அந்தச் சிறு நகரத்திலிருந்தே நடத்தியவர் வில்லியம் ஆலன் வைட். 1921-இல் அவருடைய பதின்ம வயது மகள் மேரி இறந்துபோனாள். குதிரையிலிருந்து விழுந்து இறந்தாள் என்று செய்தி நிறுவனம் எழுதியிருந்தது. தம் பத்திரிகையில் தந்தை எழுதிய குறிப்பு அந்தத் தகவலைத் திருத்துவதில்தான் தொடங்குகிறது: அவள் விழவில்லை, குதிரைமேல் போகும்போது தெரிந்தவனைப் பார்த்துக் கையசைத்தவள், தாழ்ந்திருந்த மரக்கிளை தலையில் மோதி இறந்தாள். துயரத்தின் நடுவிலும் முதலில் விவரத்தைச் சரிசெய்த அந்தக் குறிப்பை, மரணச் செய்தி எழுத வரும் ஒவ்வொரு புதிய நிருபருக்கும் நான் சொல்லிக் காட்டுவது வழக்கம். குடும்பத்தார் தரும் படத்தின் பின்புறத்தில் பெயரையும் தேதியையும் அவர்கள் எதிரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், செல்பேசியில் வந்த படமானால் அச்சுக்கு முன் அதே எண்ணுக்குத் திருப்பி அனுப்பி, இவர்தானே என்று கேட்டுவிடுங்கள்.

கூட்டத்தில் போய் உட்காருவது

நகராட்சி மன்றக் கூட்டத்துக்குச் செய்திக்குறிப்பை வாங்க மட்டும் போகாதீர்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை உட்கார்ந்திருங்கள். பெரும்பாலான கூட்டங்கள் உறக்கம் வரவழைப்பவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்மானம் எண் பதினேழு விவாதமே இல்லாமல் ஏன் நிறைவேறியது, பதினெட்டாவது வந்தபோது யார் எழுந்து வெளியே போனார் என்பதெல்லாம் செய்திக்குறிப்பில் இருக்காது. பொருள் நிரலை முன்கூட்டியே வாங்கி, பணம் சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் கோடிட்டுக்கொண்டு போவது போதுமானது.

ஒரு செலவுச் சீட்டைப் பிடித்துக்கொண்டு போனாலே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அயோவா மாநிலத்தின் ‘ஸ்டார்ம் லேக் டைம்ஸ்’ நல்ல எடுத்துக்காட்டு. ஒரு குடும்பத்தார் நடத்தி வந்த சிறிய பத்திரிகை அது. ஆற்று நீர் மாசு தொடர்பாக மூன்று கவுன்டிகள் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்)மீது ஒரு குடிநீர் நிறுவனம் வழக்குத் தொடுத்தபோது, அந்தக் கவுன்டிகளின் வழக்கறிஞர் கட்டணத்தை உண்மையில் யார் செலுத்துகிறார்கள் என்று அந்தப் பத்திரிகை விடாமல் கேட்டது. வேளாண் துறையில் செல்வாக்குள்ள தரப்பினரின் பணம் அதில் இருந்தது வெளிப்பட்டது. அதன் ஆசிரியர் ஆர்ட் கல்லனுக்குத் தலையங்க எழுத்துக்கான புலிட்சர் பரிசு 2017-இல் கிடைத்தது. பரிசு கிடைத்ததால் பத்திரிகையின் பணக் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நெருக்கடிகள்

விளம்பரத்தாலும் சண்டை வரும். பெஞ்சமின் பிராங்க்ளின் 1731-இல் தம் ‘பென்சில்வேனியா கெஜட்’ இதழில் அச்சுத் தொழிலாளரின் சார்பில் ஒரு நீண்ட விளக்கம் எழுத நேர்ந்ததற்குக் காரணம், கப்பல் பயணம் பற்றி அவர் அச்சிட்டுக் கொடுத்த ஓர் அறிவிப்பில் பாதிரிமாரைச் சீண்டும் ஒரு வரி இருந்ததுதான். யாருக்கும் மனம் நோகாது என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டுமே அச்சிடுவதென்றால் அச்சிட ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது என்று அதில் அவர் எழுதினார். அவர் சொன்னதை ஒப்புக்கொண்டாலும், விளம்பரத்தின் ஒவ்வொரு சொல்லையும் வெளியீட்டாளர் அச்சுக்கு முன் படித்திருக்க வேண்டும் என்பதே என் நிலை. விளம்பரம் என்று தெரியாதபடி செய்தி வடிவத்தில் கட்டப்பட்டு வருகிறவற்றின் தலையில் ‘விளம்பரம்’ என்று போட வேண்டும். மறுப்பவரின் பணம் வேண்டாம்.

ஒருவர்மீது குற்றம் சொல்லும் செய்தி என்றால், அவரிடம் கேட்காமல் வெளியிடாதீர்கள். கேட்டதற்கான தேதியும் நேரமும் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். அவர் பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுத்து, சொன்ன பதிலைச் செய்தியின் கடைசிப் பத்தியில் ஒளித்துவைக்காமல் மேலேயே போடுங்கள். நான் இதில் ஒரு படி கூடுதலாகப் போவேன்: அந்த வரியை அவர் எதிரில் நின்று என்னால் உரக்கப் படிக்க முடியுமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். முடியாது என்று தோன்றினால், பெரும்பாலும் என்னிடம் ஆதாரம் போதவில்லை, அல்லது சொல்லில் தேவையில்லாத காரம் இருக்கிறது. அவதூறுச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால், உங்கள் ஊரிலேயே ஒரு வழக்கறிஞரைத் தேவை வருவதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் ஆளுநரை விமர்சித்து அச்சிட்டதற்காகச் சிறையில் இருந்த ஜான் பீட்டர் செங்கரை 1735-இல் நடுவர் குழு விடுதலை செய்தது. எழுதியது உண்மை என்ற வாதத்தை அன்றைய சட்டம் ஏற்காதபோதும், நடுவர்கள் ஏற்றார்கள். ஆனால் தீர்ப்பு வருவதற்குள் அவர் பல மாதங்களைச் சிறையில் கழித்திருந்தார்.

தவறு நம்முடையதானால், திருத்தத்தை ஒரே நிலையான இடத்தில் வெளியிடுங்கள். எங்கள் இதழில் அது இரண்டாம் பக்கத்தின் மேல் இடது மூலை. எது தவறு, எது சரி, எந்த இதழில் வந்தது என்பவை போதும். நிருபரையோ அச்சகத்தையோ காரணம் காட்டும் வரி எதுவும் வேண்டாம்.

பக்கங்களின் வடிவமைப்புக் கோப்புகள், சந்தாதாரர் பட்டியல், நிலை விளம்பரங்கள் (பல வாரங்கள் மாறாமல் வருபவை) ஆகியவற்றின் நகலை அலுவலகத்துக்கு வெளியே ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டும். நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் மட்டும் சொல்லவில்லை. கென்டக்கியின் வைட்ஸ்பர்க் நகரத்தில் டாம் கிஷ், பேட் கிஷ் தம்பதியர் நடத்திய ‘மவுண்டன் ஈகிள்’ அலுவலகத்துக்கு 1974-இல் தீ வைத்தார்கள். பத்திரிகை அடுத்த வாரமும் வெளிவந்தது. கான்சாஸில் ‘மேரியன் கவுன்டி ரெக்கார்ட்’ அலுவலகத்தில் 2023 ஆகஸ்ட் 11 அன்று காவல் துறையினர் சோதனையிட்டுக் கணினிகளை எடுத்துச் சென்றார்கள். அடுத்த இதழை அங்கிருந்தவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து, மிஞ்சிய கருவிகளைக் கொண்டு கட்டி வெளியிட்டார்கள். நம் கணினி பழுதாவதற்குக் காவல் துறை வர வேண்டியதில்லை, வியாழக்கிழமை மாலையில் அது தானாகவே பழுதாகும்.

கட்டும் வாசகரும்

இதழ் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதைக் கொண்டு சேர்க்கும் வழி ஒருவர் கையில் மட்டும் இருந்தால் பத்திரிகையும் அவர் கையில் இருக்கிறது. பிலடெல்பியாவில் பிராங்க்ளினுடைய போட்டியாளர் அஞ்சல் தலைவராகவும் இருந்ததால், பிராங்க்ளினின் இதழை எடுத்துச் செல்ல அஞ்சல் குதிரைக்காரர்களுக்குத் தடை இருந்தது. அவர்களுக்குத் தனியாகக் கைக்கூலி கொடுத்தே அவர் இதழை அனுப்பினார். தமிழில் இதற்கு நெஞ்சைத் தொடும் சான்று உண்டு. சுப்பிரமணிய பாரதி தொடர்புகொண்டிருந்த ‘இந்தியா’ வார இதழ் 1908 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது. அங்கே அச்சிடத் தடையில்லை. வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தார்கள்; அங்கே இதழ் நுழையத் தடை வந்ததும் 1910-இல் அது நின்றுபோனது.

முகவர், அஞ்சல், நேரடி விற்பனை என்று குறைந்தது இரண்டு வழிகளாவது தனித்தனியாக இயங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முகவருக்கு அனுப்பிய பிரதிகளையும் திரும்பி வந்தவற்றையும் வாரவாரம் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வந்தால், எந்தத் தெருவில் எந்த வாரம் விற்றது என்பதிலிருந்து எந்தச் செய்தி படிக்கப்பட்டது என்பதும் தெரியவரும். சந்தா முடிவதற்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டுங்கள். முடிந்த பிறகு கேட்டால் பலர் புதுப்பிப்பதில்லை. இணையத்தளம் இருக்கட்டும். திடீர் மரணம், சாலை அடைப்பு, குடிநீர் நிறுத்தம் போன்றவற்றை வியாழக்கிழமைவரை வைத்திருப்பதில் பொருளில்லை. மற்றவற்றை அச்சில் முதலில் கொடுப்பதே சிறிய பத்திரிகைக்குக் கட்டுப்படியாகிறது.

வெளியீட்டாளரின் வீடு

எந்த விருந்துக்குப் போனாலும் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்துச் சென்று ஒரு செய்தியைச் சொல்வார், இன்னொருவர் ஒரு செய்தியை நிறுத்தச் சொல்வார். இருவருக்கும், அலுவலக நேரத்தில் வாருங்கள் என்ற ஒரே பதிலைப் பழக்கிக்கொள்ளுங்கள். குடும்பத்தாரைப் பற்றிய செய்தி வந்தால் அதை எழுதவும் திருத்தவும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு எந்தப் பக்கத்தில் வருமோ அதே பக்கத்தில் போடுங்கள். என் மைத்துனரின் கடைக்கு அபராதம் விதிக்கப்பட்டபோது, அபராதப் பட்டியலில் அவர் பெயர் ஆறாவதாக வந்தது. ஆறாவதாகவே அச்சிட்டோம். சில மாதங்கள் எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. பட்டியலில் மற்ற பதினொரு பேரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஓய்வுக்கு இடம் ஒதுக்குவது கடினம், ஆனால் முடியாததல்ல. ஆண்டுக்கு ஐம்பது இதழ் என்று சந்தாவிலேயே அறிவித்துவிட்டால் இரண்டு வாரம் கிடைக்கும். அதைத் தவிர, நீங்கள் படுத்துவிட்டால் இதழை யார் கொண்டுவருவார் என்பதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் எழுந்திருக்க முடியாமல் போன ஒரு சமயத்தில், பகுதிநேர நிருபர் ஒருவரும் பக்கம் கட்டும் பெண்ணும் சேர்ந்து இதழைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் சரியாக நடந்தது, அச்சகத்தில் யாரிடம் பேச வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. அது என் தலைக்குள் இருந்தது.

அதன் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அச்சகத்தில் இரவுப் பணியில் இருப்பவரின் பெயரும் எண்ணும், பிளேட் கேட்கும் அளவு, நிலை விளம்பரங்கள் எந்தப் பக்கத்தில் எந்த வாரம்வரை, எந்த முகவருக்கு எத்தனை பிரதி, எந்தக் கட்டு எந்தப் பேருந்தில் ஏற வேண்டும், கடவுச்சொற்கள் எங்கே இருக்கின்றன, மரணச் செய்திக்குக் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எவை என்று ஒவ்வொன்றாக எழுதி வந்தேன். மேசையின் மேல் இழுப்பறையில், பூட்டாமல், அது இருக்கிறது. போன மாதம் எடுத்துப் பார்த்தபோது, நான் எழுதாத இரண்டு வரிகள் அதில் பக்கம் கட்டும் பெண்ணின் கையெழுத்தில் இருந்தன: வியாழன் மாலை மின்சாரம் போனால் யாருடைய வீட்டில் ஜெனரேட்டர் உண்டு என்பது ஒன்று, ஐயா கோபமாக இருக்கும்போது மூன்றாம் பக்கத்தைக் காட்ட வேண்டாம் என்பது இன்னொன்று.